பாண்டி நாட்டில் ஒரு சோழக் கொலை வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்டது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதியது. கதை உங்களுக்கே தெரியும். நேரே கடம்பூர் மாளிகைக்குப் போய்விடுகிறேன். சோழப் பட்டத்து இளவரசன், ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் அங்கே செத்துக் கிடக்கிறான். சோழ நாட்டுத் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். ஆனாலும் படிப்பவருக்குச் சந்தேகம் தீர்வதில்லை.

அது குறையா என்றுதான் பேச்சு தொடங்கியது. எனக்குக் குறையாகப் படவில்லை. கல்வெட்டிலும் தீரவில்லையே! காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் இருக்கிறது. துரோகிகளின் நிலம் கைமாறியதைப் பதிந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற அண்ணன் தம்பிமாரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. எங்கள் வட்டத்து அண்ணாச்சி ஒருவர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டார்: "இது நிலம் கைமாறுன கணக்கு வே! கத்தி யார் கையில இருந்துச்சுன்னு இதுல எங்க இருக்கு?"

கொலைக்கும் சாசனத்துக்கும் நடுவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அதில் பெரும்பகுதிக் காலம் அரசாண்டவர் ராஜராஜனுக்கு முந்தைய உத்தம சோழர். கொலையாளிகள் அவர் காலத்தில் தண்டிக்கப்படவில்லையே என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அவரைச் சந்தேகித்தார். கல்கி இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறார். உத்தம சோழனுக்கு மதுராந்தகன் என்றும் பேர். நாவலில் அரசுக்கு ஆசைப்படும் மதுராந்தகன் போலி. முடிசூடும் உத்தம சோழன், பூமாலை கட்டும் சேந்தன் அமுதன். சோழ குலத்தின் மேல் ஒரு கறையும் இல்லை!

கறை யார் தலையில் விழுந்தது? அந்தப் போலி இளவரசன், கரிகாலன் தலை வாங்கிய பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் பிள்ளையாம். கரிகாலனைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியும் அவனோடு பிறந்தவளாம். கல்லூரியில் வரலாறு நடத்தும் அக்கா ஒருவருக்கு வந்ததே கோபம்! "பேராசைக்காரன், பழிகாரி எல்லாம் நம்ம பாண்டி நாட்டு ரத்தம்தானா? வீரபாண்டியன் தலையை வாங்குனதைப் பட்டமாப் போட்டுக்கிட்டவன் மட்டும் வீரனா?"

அக்கா சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் மன்னனை இழந்த பாண்டிய ஆட்களுக்கு ஒரு துக்கமும் காரணமும் கொடுத்ததும் அதே கல்கிதான். நந்தினி இல்லாமல் அந்த நாவலில் என்ன மிச்சம்? கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரை ஓட்டுவதுதான்.

அடுத்த கூட்டம் அம்பாசமுத்திரம் பக்கம் மன்னார்கோயிலில். ராஜேந்திர சோழ விண்ணகரம் என்று சோழன் பேரிலேயே நம் மண்ணில் எழும்பிய கோயில் அது. அக்கா இன்னும் சமாதானமாகவில்லை. அங்கே வைத்து மறுபடி கேட்பாராம்.