உப்பிட்டவர் பெயர்

அவைத்தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, மூன்று கல்யாணங்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பந்தல் போட்டுத் தந்த வணிகர் சங்கப் பெரியோர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், நடுவில் சொல்லிவிடுகிறேன்.

எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் படைவீரர், நாடாளுமன்ற உறுப்பினர், கலகக்காரர். மூன்றையும் பேசுவேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

அயர்லாந்தில் லின்ஸ்டர் கோமகன் குடும்பத்துக்கு மேலே ஒரு குடும்பம் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளை இவர், 1763-இல் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படையோடு அமெரிக்காவுக்குப் போனார். 1781 செப்டம்பர் 8, தென் கரோலினாவில் யூட்டா ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கடுமையான சண்டை. பதினெட்டு முடியாத பையன், தொடையில் காயம்பட்டு நினைவில்லாமல் களத்தில் கிடக்கிறான். கோமகன் மகன் என்று குண்டுக்குத் தெரியுமா?

அந்தப் பக்கம் வந்தார் டோனி ஸ்மால். அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பினத்தவர். பிடிபட்டால் அவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். கிடப்பவன் உடம்பில் இருப்பது பெரிய இடத்துச் சீருடை. கழற்றிக்கொண்டு போயிருக்கலாம், பார்க்காததுபோல் நடந்திருக்கலாம். அவர் பையனைத் தோளில் தூக்கித் தன் குடிசைக்குக் கொண்டுபோனார். காயத்துக்குக் கட்டுப்போட்டு, சார்ல்ஸ்டன் நகருக்குக் கொண்டுபோகும் அளவுக்குத் தேறும்வரை பார்த்துக்கொண்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எட்வர்ட் நினைத்தார். டோனியைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, கடைசித் தலைமறைவு நாட்கள்வரை பிரியவில்லை. 1789-இல் கனடாவின் பனிக்காட்டில் ஃபிரெடெரிக்டனிலிருந்து கியூபெக் வரை நடந்தபோதும் டோனி கூடவே போனார். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் டோனி பெயர் வருகிறது. டோனியை ஓவியமாகவும் வரைய வைத்தார். அந்தக் காலத்தில் வேலைக்காரருக்குத் தனிப்படமா!

சரி, அரசியல். அயர்லாந்து நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1792-இல், பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த பாரிஸில், ஒரு விருந்தில் பிரபுப் பட்டத்தைத் துறந்தார், பிரிட்டிஷ் படை அவரை நீக்கியது. அப்புறம், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்யத் திட்டமிட்ட ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கம். அரசு அவர் தலைக்கு வைத்த விலை 1,000 பவுண்டு. டப்ளினில் தலைமறைவாக இருந்தபோது டோனியால் பக்கத்தில் போக முடியவில்லை, அந்த முகம் ஊரறிந்த முகம். 1798 மே 19 அன்று தாமஸ் தெருவில் சுடப்பட்டுப் பிடிபட்டவர், ஜூன் 4 அன்று சிறையில் இறந்தார். கலகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அதனால் நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் புதிய நூலகக் கட்டடத்தின் திறப்புக் கல்லில் பதினோரு பெயர்கள் இருக்கின்றன, மேடையில் இருப்பவர்கள் பலரும் அதில் உண்டு, மகிழ்ச்சி. கல்லைச் செதுக்கியவர் பெயர் எங்கே? கொத்தனார், சித்தாள் பெயர்கள் எங்கே? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று உள்ளே சுவரில் எழுதப்போகிறார்களாம், நல்லது. வெளியே இன்னொரு கல் வையுங்கள். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. தேநீருக்கு முன்னால் கையெழுத்துப் போடுங்கள். அம்மையார் அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையது. பேனா இதோ.