கீரியும் மரநாயும் நுழையாத கோழிக்கொட்டகை: மின்வேலி போடுவது எப்படி?

[காட்சி: விடிகாலை. தென்னந்தோப்பு வீட்டின் கொல்லைப்புறம். கிழிந்த கோழிவலை, சிதறிய இறகுகள்.]

வணக்கம். நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். ராத்திரி எண்ணி அடைத்த கோழிகளில் காலையில் இரண்டு செத்துக் கிடக்கும், ஒன்றைக் காணோம். வயிற்றெரிச்சலில் கடைக்குப் போய் ஒரு வேலிப் பெட்டியும் ஒரு கட்டுக் கம்பியும் வாங்கி வந்துவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். வந்தது யார் என்று முதலில் தெரிய வேண்டும். கம்பி எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்பது அதைப் பொறுத்ததுதான்.

[காட்சி: ஈர மண்ணில் கால்தடங்கள்.]

பட்டப்பகலில் கோழி போனால் கீரி மேல் சந்தேகப்படலாம். கீரி பகலில் வேட்டையாடுகிற பிராணி. தரையோடு தரையாக வரும், கை நுழையும் சந்து இருந்தால் போதும். இரவில் வருவது மரநாய். அது சுவர் ஏறும், முருங்கைக் கிளையிலிருந்து கூரைக்குத் தாவும், ஓட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கும். காட்டுப்பூனை பெரும்பாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விடும். தெருநாய் அப்படியில்லை. வலையைப் பிய்க்கும், அடியில் தோண்டும், உள்ளே புகுந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமலேயே போகும்.

சாரைப்பாம்பு, பருந்து, வல்லூறு, குஞ்சு தூக்கும் காகம், இவற்றுக்கு மின்வேலி பதில் சொல்லாது. பாம்பு கம்பிக்கு அடியில் ஊர்ந்து போகும், பறவை மேலே வரும். அதற்குச் சின்னக் கண் வலையும் மேல்வலையும்தான் வழி. இன்னொன்று, கடையில் 'கோழிவலை' என்று தருகிற அறுகோணக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்கிற பலம் அதற்குக் கிடையாது.

[காட்சி: மேஜை மேல் எனர்ஜைசர் பெட்டி, பேட்டரி, கம்பிச் சுருள்.]

சரி, பெட்டிக்கு வருவோம். எனர்ஜைசர், ஜட்கா மெஷின், சோலார் வேலிப் பெட்டி, ஊருக்கு ஒரு பேர். உள்ளே நடப்பது ஒன்றுதான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சுமார் ஒரு வினாடிக்கு ஒரு தடவை, ஒரே அடியாகக் கம்பிக்குள் அனுப்புகிறது. அந்த அடி 5000 வோல்ட்டுக்கு மேலே இருக்கும். ஆனால் அது நீடிப்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால் வலி பலமாக இருக்கும், உயிர் போகாது. அடுத்த அடிக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில் விலங்கு விலகி ஓடிவிடும்.

இங்கேதான் சிலர் சுருக்குவழி தேடுகிறார்கள்: வீட்டு லைனிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து வேலியில் மாட்டிவிடுவது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, 5000-ஐ விடக் குறைவுதானே என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு ஆளைக் கொல்லும். வீட்டு மின்சாரம் விட்டு விட்டு வராது, ஓடிக்கொண்டே இருக்கும். தொட்ட கை இறுகிவிடும், எடுக்க முடியாது. பந்து எடுக்கப் போன பிள்ளையும் மாடு தேடிப் போன பெரியவரும் அப்படித்தான் சாகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் செத்ததும் சட்டவிரோத மின்வேலியால்தான். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. உங்கள் நிலம் காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கோழிக்கொட்டகை வேலிதானே என்று நினைக்காமல் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பெட்டி வாங்கும்போது ஐஎஸ் 302, பகுதி 2, பிரிவு 76 என்ற தரத்தின்படி செய்ததா என்று கேளுங்கள். வேலிப் பெட்டிக்கென்றே உள்ள தரம் அது. பெட்டியின் பலத்தை ஜூல் என்ற கணக்கில் சொல்வார்கள், ஒவ்வொரு அடியிலும் போகிற ஆற்றலின் அளவு அது. கொல்லைப்புறத்துக்கு ஒரு ஜூல் பெட்டி தாராளம். 'பத்து ஏக்கருக்குத் தாங்கும்' என்று கடைக்காரர் பெரிய பெட்டியைத் தள்ளப் பார்ப்பார். அந்தக் காசில் கம்பியிலிருந்து மின்சாரம் கசியாமல் தாங்குகிற நல்ல இன்சுலேட்டரும் ஒரு வோல்ட் மீட்டரும் வாங்கலாம்.

[காட்சி: வரைபடம். பெட்டி, கம்பி, கீரி, மண், எர்த் ராடு. மின்சாரம் சுற்றி வரும் பாதை சிவப்புக் கோட்டில்.]

இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். மின்சாரம் பெட்டியிலிருந்து கிளம்பிக் கம்பி வழியாகக் கீரியின் மூக்குக்கு வருகிறது. உடம்புக்குள் புகுந்து கால் வழியாக மண்ணில் இறங்குகிறது. மண்ணுக்குள்ளேயே ஓடி, எர்த் ராடு, அதாவது பெட்டியோடு இணைத்து மண்ணில் இறக்கிய உலோகக் கம்பி, அதன் வழியாகப் பெட்டிக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று முழுமையானால்தான் ஷாக். வேலியின் பாதி மண்ணுக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'புதுப் பெட்டி, புதுக் கம்பி, ஆனால் ஷாக்கே அடிக்கவில்லை' என்கிற புகாரைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது எர்த்தைத்தான். அரை அடி ஆணி ஒன்றை அடித்து அதில் ஒயரைச் சுற்றி வைத்திருப்பார்கள்.

ஒழுங்காகச் செய்வதென்றால் ஐந்து, ஆறு அடி நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு மூன்று வேண்டும். பத்தடிக்கு ஒன்றாக முழுசாக இறக்கி, மூன்றையும் ஒரே ஜிஐ கம்பியால் கிளாம்ப் போட்டு இணையுங்கள். தண்ணீர்த் தொட்டி ஓரம், வாழைக்குப் பாயும் வாய்க்கால் ஓரம் என்று ஈரம் தங்குகிற இடமாகப் பாருங்கள். வீட்டு எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் ஷாக் குறையும், அப்போது ராடுகளைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு போடச் சொல்வார்கள். ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்யும், ஆனால் ராடு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை.

[காட்சி: கொட்டகையைச் சுற்றிக் கல்தூண்கள், வெல்டு மெஷ். கம்பி கட்டும் கைகள்.]

இப்போது வேலி. வெறும் மின்கம்பியை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே அரை இஞ்ச் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை), அதற்கு வெளியே மின்கம்பி. மெஷ்ஷின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஒரு அடி மடக்கி மண்ணில் புதைத்துவிட்டால் நாய் தோண்டினாலும் வலைதான் தடுக்கும்.

மெஷ்ஷிலிருந்து ஐந்து இஞ்ச் வெளியே தள்ளி, நீள இன்சுலேட்டரில் கம்பி ஓட வேண்டும். தரையிலிருந்து நாலு இஞ்சில் முதல் கம்பி, கீரிக்கு. எட்டு இஞ்சில் இரண்டாவது, பூனைக்கும் மரநாய்க்கும். ஒன்றரை அடியில் மூன்றாவது, நாய்க்கு. எல்லாமே மூக்கு உயரக் கணக்கு. முதுகில் பட்டால் ரோமம் தடுத்துவிடும். ஈர மூக்கில் பட வேண்டும்.

நாலாவது கம்பி மெஷ்ஷின் உச்சிக்கு மேல் நாலு இஞ்சில், மரநாய்க்காக. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மெஷ்ஷில் ஏறி நிற்கிற மரநாயின் கால் மண்ணில் இல்லை. மேல்கம்பியைத் தொட்டாலும் சுற்று முழுமையாகாது, சாவகாசமாக உள்ளே இறங்கும். அதனால் மெஷ்ஷையே ஒரு கம்பியால் எர்த் ராடோடு இணைத்துவிடுங்கள். அப்புறம் கால் மெஷ்ஷில், மூக்கு கம்பியில் என்றால் அடி நிச்சயம். காய்ந்த மண்ணிலும் இந்த இணைப்பு கைகொடுக்கும். கூடவே கொட்டகை மேல் சாய்கிற கிளைகளை வெட்டிவிடுங்கள்.

பெட்டியிலிருந்து வேலிக்குப் போகிற ஒயரில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண வீட்டு ஒயரின் மேலேயே 1100 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அதில் 5000 வோல்ட்டை விட்டு மண்ணில் புதைத்தால், எங்கே கசிகிறது என்று தேடியே காலம் போய்விடும். வேலிக்கென்று விற்கிற தடித்த கேபிள் வாங்குங்கள். முள்கம்பியில் மட்டும் மின்சாரம் விடவே கூடாது, மாட்டிக்கொண்டால் விலங்கானாலும் மனிதரானாலும் விடுபட முடியாது.

வெளிநாட்டு வீடியோக்களில் சுருட்டி விரிக்கிற மின்வலையைப் பார்த்திருப்பீர்கள். கோழியை இடம் மாற்றி மாற்றி மேய்க்க அது அருமையான சாமான். ஆனால் உடும்பும் பாம்பும் அதில் சிக்கிச் சாகும். நிரந்தரக் கொட்டகைக்குக் கம்பிதான் என் தேர்வு.

[காட்சி: வேலி ஓரம் மேயும் கோழிகள்.]

எல்லோரும் கேட்கிற கேள்வி: கோழிக்கு ஷாக் அடிக்காதா? கோழி மெஷ்ஷுக்கு உள்ளே இருக்கிறது, கம்பி வெளியே. மேய்ச்சலுக்கு விடும்போது இடித்தாலும் இறகு பெரும்பாலும் தடுத்துவிடும். கொண்டையிலோ அலகிலோ பட்டால் ஒரு தடவை கத்திவிட்டு ஓடும், அப்புறம் அந்தப் பக்கமே போகாது. குஞ்சுகளைச் சில வாரங்களுக்குத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதே நல்லது. வீட்டில் நடை பழகும் குழந்தை இருந்தால் வேலிக்கு வெளியே இன்னொரு தடுப்பு வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டப் போக வேண்டாம். வழிப்போக்கர் கை படுகிற பக்கமெல்லாம் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும்.

[காட்சி: வேலி வோல்ட் மீட்டரின் திரை.]

எல்லாம் கட்டியாயிற்று. புல்லால் தொட்டுப் பார்க்கிற வித்தையெல்லாம் வேண்டாம், மீட்டர் வையுங்கள். பெட்டிக்குத் தூரமான மூலையில் 4000 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிம்மதி. 3000-க்குக் கீழே போனால் எங்கோ கசிகிறது. அடுத்து எர்த் சோதனை. பெட்டியை அணைத்துவிட்டு, தூர மூலையில் ஒரு இரும்புக் கம்பியை வேலியின் மின்கம்பியில் சாய்த்து மண்ணில் ஊன்றுங்கள். பெட்டியைப் போட்டு, வேலி 2000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள், இறங்காவிட்டால் இன்னும் ஒரு கம்பி சாய்க்கலாம். பிறகு மீட்டரின் ஒரு முனையைக் கடைசி எர்த் ராடிலும் மறு முனையைச் சற்றுத் தள்ளி மண்ணிலும் வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை, இன்னொரு ராடு இறக்குங்கள்.

முதல் சில நாட்கள் கம்பியில் ஒரு கருவாட்டுத் துண்டைக் கட்டிவிடலாம். மோப்பம் பிடிக்க வருகிற நாய் முதல் அடியை மூக்கிலேயே வாங்கும். கீரி பகலில் வருவதால், காலையில் பெட்டியை அணைத்துவிடுகிற பழக்கமும் கூடாது. இருபத்து நாலு மணி நேரமும் ஓடட்டும்.

ஐப்பசி மழையில் புல் வாரத்துக்கு வாரம் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொடும். ஒவ்வொரு புல்லும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடிக்கும். வேலியடியில் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டிவிட்டால் அரிவாள் வேலை குறையும். இடி மின்னல் நேரத்தில் வேலி ஒயர், எர்த் ஒயர் இரண்டையும் பெட்டியிலிருந்து கழற்றி வையுங்கள். அதை வானம் இருட்டும்போதே செய்துவிடுங்கள், மின்னல் வெட்ட ஆரம்பித்த பிறகு வேலியிலோ ஒயரிலோ கை வைக்க வேண்டாம்.