எறும்பு ஊரக் கல்லும் தேயும்
(பர்மாவின் யாங்கோனில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில், முதல் வார்த்தைப்பாடு என்ற துறவற வாக்குறுதி கொடுத்த இளங்கன்னியர் மூவருக்கு நடந்த வரவேற்பில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மூன்று பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கும் மடத்துத் தலைமை அம்மா அவர்களே, பங்குப் பேரவைத் தலைவர் அண்ணன் அவர்களே, மரியாயின் சேனை அக்காமார்களே, வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர்களே, அழைப்பை மதித்து வந்திருக்கும் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் நிர்வாகி ஐயா அவர்களே, காலையிலிருந்து உட்காராமல் லபேயே என்ற பால் டீ போட்டுத் தரும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். கோயில் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். போன மழைக்காலத்தில் நம் கூரை ஒழுகியபோது, நாம் கேட்பதற்கு முன்பே தார்ப்பாய் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். அதைக் கழுவிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறோம், போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும் ஐயா.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். அவர்கள் செபம், அவர்கள் வேலை, அவர்கள் கூடி வாழும் வாழ்க்கை.

முதலில் செபம். கன்னியர் மடம் என்றால் எப்போதும் அமைதி, மெழுகுதிரி, பாட்டு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் ஊர் மின்வெட்டு மடத்துக்கும் உண்டு. கரண்ட் நடுராத்திரி வந்தால் நடுராத்திரியே எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும், தொட்டி நிறையும்வரை ஒரு பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அப்புறம் நாலரை மணிக்கு எழுப்பு மணி, தியானம், காலைச் செபம், பூசை. மூவரில் இளைய சகோதரி என்னிடம் சொன்னது இது: "ஐயா, முதலில் மோட்டார் சத்தம் செபத்தைக் கெடுக்குது என்று அழுதேன். இப்போது அந்தச் சத்தம் நிற்கும்வரை ஒரு செபமாலை சொல்லி முடிக்கிறேன்." குழந்தை இயேசுவின் தெரசம்மாளும் இதைத்தான் செய்தார். 15 வயதில், 1888இல், மடத்துக்குள் போனவர், 1897இல் 24 வயதில் இறந்துபோனார். தியான நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரு சகோதரி ஓயாமல் போட்ட சிறு சத்தம் அவரை வதைத்தது. திரும்பிப் பார்த்து முறைக்காமல், அந்தச் சத்தத்தையே ஒரு இசையாக ஆண்டவருக்குக் கொடுத்தார். மடத்தை விட்டு மறைபரப்புக்குப் போகவே போகாத அந்தப் பெண்தான் 1927இலிருந்து மறைபரப்பு நாடுகளுக்குப் பாதுகாவலி. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்த என் அப்பா நாளைக்கு நாலு தடவை சொல்வார். அதன் அர்த்தம் எனக்கு இந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் நன்றாகப் புரிகிறது.

நவசந்நியாசம் என்ற மடத்துப் பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். அதன்பின் முதல் வார்த்தைப்பாடு, குறைந்தது 3 ஆண்டுகள் அதில் நிலைத்திருந்த பிறகே வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு. வாக்குக் கொடுப்பது மூன்றுக்கு: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இதில் கீழ்ப்படிதல்தான் கடினம் என்கிறார்கள். மணி அடித்தால் பாதி எழுதிய எழுத்தையும் அப்படியே விட்டுவிட்டு எழ வேண்டும். காலையில் ரோஜா நிற உடையில் தெருத்தெருவாக அரிசி வாங்கப் போகும் புத்தத் துறவிப் பெண்களை அடிக்கடி பார்ப்பதால், வீட்டை விட்டு வருவது என்றால் என்ன என்று நம் பர்மிய அக்கம்பக்கத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில்தான், பெண்ணை மடத்துக்கு அனுப்பினால் "ஏன், மாப்பிள்ளை கிடைக்கலையா" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இரண்டாவது, வேலை. இங்கே ஒரு கதை சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க முடியாது.

நடுவில் உட்கார்ந்திருக்கும் சகோதரி டவுங்கூ மலைப்பக்கத்துக் கரேன் பெண். வீட்டிலிருந்து வந்தபோது துணிப்பையில், முகத்தில் பூசும் தனக்கா மரப்பட்டையை அரைக்கும் அம்மாவின் கல்லையும் தூக்கி வந்தார், பையிலேயே கனமான சாமான் அதுதான். அம்மாவும் பாட்டியும் அரைத்து அரைத்து நடுவில் குழிந்துபோன கல் அது. பயிற்சிக் காலத்தில் இவரை ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பாட்டி, தொண்ணூறை நெருங்கியவர், மறதி வந்து பர்மிய மொழி முழுக்கப் போய்விட்டது. சின்ன வயதுத் தமிழ் மட்டும் மிச்சம். தினமும் பொழுது சாய்ந்தால் அழுகை. "விளக்கு, விளக்கு" என்று ஒரே சொல். இவருக்கோ ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாது. தண்ணீர் கொடுத்தார், போர்வை கொடுத்தார், காலைப் பிடித்துவிட்டார், ஒன்றுக்கும் அழுகை நிற்கவில்லை. அந்தச் சொல்லைப் பர்மிய எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போய், கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் யோசித்துப் பார்த்து "விளக்குமாறு" என்று சொல்லி, துடைப்பத்தை எடுத்துக் காட்டிவிட்டார்! இவரும் புதிதாக ஒன்று வாங்கி, பாட்டி மகிழ்ந்துபோவார் என்று ஆசையோடு கட்டிலில் கொண்டுபோய் வைத்தால், பாட்டி அதைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார். "அடிப் பாவி மகளே" என்றாராம். ஆனால் அன்றைக்குத்தான் அந்தக் கிழவி முதல்தடவையாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சகோதரி நோட்டோடு என்னிடம் வந்தார். நான் சொன்னேன், அம்மா, பாட்டி கேட்பது தீபம், அந்தக் காலத்து வீடுகளில் பொழுது சாய்ந்தால் மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றிச் செபம் சொல்வார்கள் என்று. இல்லத்தில் கட்டில் பக்கத்தில் நெருப்பு வைக்கக் கூடாது. சரி என்று, பேட்டரி விளக்கு ஒன்றை மஞ்சள் தாளில் சுற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். பாட்டி எழுந்து உட்கார்ந்தார். கை தானாகக் குவிந்தது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று தொடங்கினார். இங்கே இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது என்ன செபம் என்று தெரியும்? நாம் இன்றைக்கு "அருள் நிறைந்த மரியே" என்று சொல்கிறோமே, அதன் பழைய வடிவம். என் அப்பா சொன்ன செபம். அதைக் கரேன் பெண் ஒருத்தி பர்மிய எழுத்தில் எழுதி எழுதி மனப்பாடம் செய்தார். ழகரம் அவர் வாயில் வரவில்லை, "வால்க" என்றுதான் வந்தது, பாட்டி தினமும் திருத்தினார். பாட்டி கண்ணை மூடிய ராத்திரி பக்கத்தில் இருந்து அந்தச் செபத்தைச் சொன்னவர் இவர்தான். அப்போது "வாழ்க" சரியாக வந்தது என்றார். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

இதைக் கேட்டு நான் தூங்கவில்லை. அந்தப் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வந்து பார்க்கிறார்கள், பாசமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் பாட்டி பேசியது அவர்களுக்குப் புரியவில்லை.

தூர தேசத்திலிருந்து வந்து சேவை செய்தவர்களும் தமிழ் படித்தவர்களும் முன்பும் உண்டு. புனித எமிலி தெ வியலார் தொடங்கிய புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1847இலேயே பிரான்சிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அதற்கு முன்பே, இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ்நாட்டுக்குப் போய்த் தமிழ் படித்துப் புலவரானார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே 1578இல் கொல்லத்தில் போர்ச்சுகல் நாட்டு அன்றிக் அடிகளார் கொண்டுவந்த செபப் புத்தகம்தான். 1965இல் இங்கே மிஷன் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, தமிழ் எழுத்து கோயில் மண்டபத்திலும் நம் பங்கின் பின்னறையிலும்தான் பிழைத்துக் கிடந்தது. நான் "அ" எழுதியது அந்தப் பின்னறையில், என் அப்பா கையைப் பிடித்து. இப்போது அங்கே பந்தல் கம்பும் தேர்ச் சாமானும் கிடக்கின்றன. யாரையும் குறை சொல்லவில்லை, வைக்க வேறு இடமில்லை. ஆனால் மாரியம்மன் கோயிலில் வாரம் ஒருநாள் தமிழ் வகுப்பு நடக்கிறது, நம் பிள்ளைகளில் சிலர் அங்கே போய்த்தான் படிக்கிறார்கள், அதற்கும் ஐயாவுக்கு நன்றி.

கூடி வாழும் வாழ்க்கையைப் பற்றிப் பேச நேரமில்லை, பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார், மன்னிக்க வேண்டும். இதை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். தலைமை அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் இந்தச் சகோதரியை எங்களுக்குக் கொடுங்கள். அவர் சொல்லிக்கொடுக்க வேண்டாம், படிக்க வரட்டும். கரேன் சகோதரி முன்பெஞ்சில் உட்கார்ந்து "ழ" எழுதினால், நம் பிள்ளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள். கரும்பலகை நான் வாங்கித் தருகிறேன். பந்தல் கம்புகளைப் பக்கச் சுவர் ஓரமாக அடுக்க நாலு தம்பிமார் வேண்டும், அடுத்த ஞாயிறு, கைலி கட்டிக்கொண்டு வாருங்கள், தூசி நிறைய இருக்கும். பிள்ளைகள் பெயரை இப்போதே கொடுக்கலாம். எழுதிக்கொள்ளச் சகோதரி அந்தப் பழைய நோட்டையே கொண்டுவந்திருக்கிறார்.