முதல் தட்டு யாருக்கு?

கூட்டத்தின் தலைவர் அவர்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே அழகாகச் சொல்லிவிட்ட மகப்பேறு மருத்துவர் அம்மையார் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த வாசகசாலைச் செயலாளர் அவர்களே, இரண்டு முறை கோளாறு செய்த ஒலிபெருக்கியைச் சரிசெய்து கொடுத்த தம்பி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்றுகொண்டிருக்கும் கணவன்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சு பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. முதியோர் நலக் கூட்டத்திலும் இதையேதான் சொன்னேன் என்று தலைவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பிள்ளை யார் ஜாடையில் இருக்கும், எவ்வளவு எடை இருக்கும் என்று சித்திரத்தைப் பற்றிக் கேட்க ஊரே வருகிறது. சுவரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். கர்ப்பிணி எதைச் சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும்.

எதை என்பதை மருத்துவர் அம்மையாரே விளக்கிவிட்டார். பருப்பு, பயறு, கீரை, முட்டை, பால், பழம், நன்றாக வெந்த மீன், இறைச்சி. காய்ச்சாத பாலும் வேகாத இறைச்சியும் மதுவும் கூடாது. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடோ காப்பியோடோ விழுங்காதீர்கள். உடலில் சேரும் இரும்பு குறைந்துவிடும். வைட்டமின் சி உள்ள பழத்தோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

மாத்திரை என்றதும் குரங்கு நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள், கர்ப்பமானதும் கடுமையான இரத்தசோகையில் விழுந்தார்கள். உயிரையும் விட்டார்கள். கிருமியாக இருக்குமோ என்று அந்த அம்மையார் தேடினார்; பிடிபடவில்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அதே மாதிரி உணவை எலிகளுக்குக் கொடுத்தார், எலிகளுக்கும் சோகை பிடித்தது. குரங்குக்குக் கொடுத்தார், அதற்கும் பிடித்தது. அந்தக் குரங்கைத் தேற்றியது எது தெரியுமா? மார்மைட். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கரிய பசை, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும், ரொட்டியில் தடவிக்கொள்வார்கள். அன்று ஏழைக்கும் எட்டிய விலை. குரங்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது! கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் உலகத்துக்கு அறிவித்தார். உள்ளே இருந்த சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து, 1941-ல், நான்கு டன் கீரையை அரைத்து வடித்து அதைப் பிரித்தெடுத்து, ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்று சொல்வது இதைத்தான். கருத்தரித்த 28 நாட்களுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது; அது சரியாக மூட இந்தச் சத்து வேண்டும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும்.

எப்போது என்ற கேள்விக்கு மருத்துவம் சொல்லும் விடை அது. என் விடை வேறு. கர்ப்பிணி எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் தட்டைப் பெற வேண்டும். எத்தனை வீடுகளில் அவள் கடைசியாகச் சாப்பிடுகிறாள்! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொள்கிறாள். வீட்டில் முட்டை இரண்டுதான் இருக்கிறது என்றால் அந்த இரண்டும் யார் தட்டுக்குப் போகின்றன? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். சத்தான உணவு எது என்று சுவரெல்லாம் படம் ஒட்டுகிறோம். அது அவள் தட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று எட்டிப் பார்க்கிறோமா? பம்பாயில் அந்த மருத்துவர் தட்டைப் பார்த்தார், விடை கிடைத்தது. சுவர் இருந்தால்தான் ஐயா, சித்திரம்.

"அவளே பசியில்லை என்கிறாள்" என்று ஒரு கணவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். குமட்டல் இருக்கும்போது ஒரே வேளையில் தட்டு நிறையச் சாப்பிட முடியாதுதான். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். அதை யார் கொடுப்பது? அவளே எழுந்து போய், அடுப்பு வாடையில் நின்று சமைத்துக்கொள்ள வேண்டுமா? மாமியார்மார்களுக்கும் இதைப் பணிவோடு சொல்கிறேன். நீங்களும் கடைசியாகச் சாப்பிட்டவர்கள்தான். அந்தக் கணக்கை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளாதீர்கள்.

எவ்வளவு என்பதற்கு வந்தேன். அதற்குள் தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டு உயிர் என்று இரட்டைப் பங்கு திணிக்க வேண்டாம், முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு பெரிதாகத் தேவைப்படாது என்பதோடு இப்போது நிறுத்துகிறேன். மிச்சத்தை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம், அழைத்தால்.

வாசலருகே மேசையில் ஒரு தாள் இருக்கிறது. "எங்கள் வீட்டில் கர்ப்பிணிக்கே முதல் தட்டு" என்று எழுதியிருக்கிறது. ஆண்கள் மட்டும் கையெழுத்துப் போடுங்கள், பெண்கள் சாட்சி. பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள். மருத்துவர் அம்மையார் இன்னும் அரைமணி நேரம் இருப்பார், மாத்திரை பற்றிய சந்தேகங்களை அவரிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.