முப்பது ரூபாய் வேலைக்கு ஒரு கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி. சென்னை திருவல்லிக்கேணியில் குடியிருந்த ஓர் இளைஞர், மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் என்ற துறைமுக அலுவலகத்துக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அங்கே குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிய விண்ணப்பம் அது. மொத்தமே ஐந்தாறு வாக்கியங்கள்தான். எழுதியவர் சீனிவாச ராமானுஜன். அப்போது அவருக்கு வயது 24. கல்யாணம் ஆகிவிட்டது. பட்டம் இல்லை. நிலையான வருமானமும் இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே வைக்கிற கவரிங் லெட்டரைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தவுடன் என் நினைவுக்கு வந்தது இந்தக் கடிதம்தான். கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவன் நான். ஆயிரக்கணக்கான விண்ணப்பக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் ராமானுஜனின் கடிதத்தையும் படித்தேன்.

அதில் என்ன இருந்தது? மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை என்கிறார். எஃப்.ஏ. என்பது அந்தக் காலத்துக் கல்லூரிப் படிப்பின் முதல் கட்டம். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்து மற்றப் பாடங்களில் கோட்டை விட்டவர் அவர். அந்தத் தோல்வியை மறைக்கவும் இல்லை, அதை வைத்து இரக்கம் தேடவும் இல்லை. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, 'ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருகிறேன்' என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார். வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு என்கிறார். அவ்வளவுதான் கடிதம்.

இதில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. அதற்கு முந்தின வருஷம், 1911இல், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை அச்சாகியிருந்தது. பெர்னூலி எண்களைப் பற்றிய கட்டுரை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கிடையாது! எழுதும்போது நான் பக்கத்தில் இருந்திருந்தால், 'தம்பி, அதையும் ஒரு வரி எழுதப்பா' என்று சொல்லியிருப்பேன். குமாஸ்தா வேலைக்குக் கணித ஆராய்ச்சி எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். தன் கையால் செய்த உருப்படியான காரியத்தைச் சொல்லாமல் விடுவது நம் பிள்ளைகளிடம் இன்றைக்கும் இருக்கிற வழக்கம். இதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச நினைக்கிறேன்.

அவருக்குத் துணையாக ஒரு பரிந்துரையும் இருந்தது. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்தது. கணிதத்தில் அசாதாரணத் திறமை உள்ளவர் என்று எழுதியவர் அதோடு நிற்கவில்லை. கணக்கிடுவதில் இயல்பான நாட்டம் உள்ளவர், எண்களைக் கையாளுவதில் மிக வேகமானவர் என்றும் சேர்த்தார். அந்த இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். 'அசாதாரணத் திறமை' என்பது துறைமுகக் கணக்குப் பிரிவில் இருக்கிற அதிகாரிக்கு எந்த விதத்தில் உதவும்? 'கணக்குப் போடுவதில் வேகம்' என்றால் அவருக்கு உடனே விளங்கும். கணித மேதையைக் கணக்குப் பிரிவுக்குத் தேவையான ஆளாக அந்த ஒரு வரி மாற்றிக் காட்டிவிட்டது. மார்ச் 1ஆம் தேதி ராமானுஜன் வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

இனி என் மேசைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் புதன், வியாழனுக்குள் தபால் கட்டுக்கட்டாக வந்து சேரும். பின்னாளில் அதுவே மின்னஞ்சல் ஆனது. நூறு கடிதங்களைப் பிரித்தால் தொண்ணூறு கடிதங்களில் ஒரே வாசகம். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன், குழுவோடு இணைந்து வேலை செய்வேன், வாய்ப்புக் கொடுத்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன். இதில் ஒன்றுகூடப் பொய்யாக இருக்காது. ஆனால் ஊர், பேர் தெரியாத என்னைப் போன்ற ஒருவருக்கு இதிலிருந்து அந்தப் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்? இப்போது கம்ப்யூட்டரே கடிதம் எழுதிக் கொடுக்கிறது. ஆங்கிலம் பிழையில்லாமல் இருக்கிறது, பளபளப்பாகவும் இருக்கிறது. ஆனால் பத்துப் பேர் அனுப்பினால் பத்தும் ஒரே முகம். அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை நீங்கள் சொன்னால்தானே அதற்கும் தெரியும்?

விண்ணப்பத்தைப் படிக்கிறவர் மனத்தில் வாய்விட்டுக் கேட்காத சில கேள்விகள் இருக்கும். எந்த வேலைக்கு எழுதியிருக்கிறார்? அந்த வேலையைச் செய்திருக்கிறாரா, அல்லது அதற்கு நெருக்கமாக எதையாவது செய்திருக்கிறாரா? நடுவில் ஏன் இடைவெளி? தூரத்து ஊர்க்காரர் என்றால் இங்கே வந்து தங்குவாரா, ஷிஃப்ட்டுக்குச் சம்மதிப்பாரா? எப்போது சேர முடியும்? ரெஸ்யூம் இதில் பாதிக்குத்தான் பதில் சொல்லும். மீதிக்குப் பதில் சொல்லத்தான் கடிதம்.

ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவி செய்து வருகிறேன், அங்கே வந்தாள். ஒரு நிறுவனத்தில் தர ஆய்வாளர் பணிக்கு எழுதிய கடிதத்தை நீட்டினாள். ஆங்கிலத்தில் முக்கால் பக்கம். நான் மேலே சொன்ன அதே கடின உழைப்பு, அதே நேர்மை. ரெஸ்யூமைப் பார்த்தால் கடைசி வேலைக்குப் பிறகு இரண்டு வருஷம் வெறுமையாகக் கிடக்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

"ஏம்மா, இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தே?" என்றேன்.

"ஒரு லேத் பட்டறைலீங்க சார். பதினாலு மாசம். இன்ஸ்பெக்‌ஷன்."

"என்ன செக் பண்ணுவே?"

"ஷாஃப்ட்டுங்க. மைக்ரோமீட்டர்ல விட்டம் பார்த்து நோட்டுல எழுதோணும்."

பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு மெஷினில் மத்தியானத்துக்கு மேலே வருகிற ஷாஃப்ட்டுகளில், அதாவது உருளைத் தண்டுகளில், மட்டும் சைஸ் கூடிக்கூடி வந்திருக்கிறது. காலையில் சரியாக இருக்கும், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ரிஜெக்ட் ஏறும். இந்தப் பெண் ஒரு வாரத்து நோட்டைப் புரட்டிப் பார்த்து, உலோகத்தைச் சீவுகிற வெட்டு முனையான இன்சர்ட் தேயத் தேயத்தான் விட்டம் கூடுகிறது, மாற்றுகிற நேரத்தை முன்னால் கொண்டு வந்தால் சரியாகிவிடும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாள். மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ரிஜெக்ட் வெகுவாகக் குறைந்துவிட்டது.

"இதை ஏம்மா கடிதத்துல எழுதலை?"

அவள் முகத்தில் உண்மையான ஆச்சரியம். "இதெல்லாம் எழுதலாங்களா சார்? அது என் வேலைதானுங்களே?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். தர ஆய்வாளர் தேடுகிற நிறுவனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அளந்து எழுதிவிட்டு நோட்டை மூடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காரணத்தைத் தேடுகிற ஆள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அதைத் தன் வேலைதானே என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, எல்லாரும் எழுதுகிற 'கடின உழைப்பாளி'யை இவளும் எழுதியிருக்கிறாள்.

அந்த இரண்டு வருஷம்? அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கூட்டிப்போக வீட்டில் வேறு ஆள் இல்லை. இப்போது அண்ணன் ஊருக்கே திரும்பி வந்துவிட்டதால் இவளால் வேலைக்குப் போக முடியும். இதைச் சொன்னால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து விட்டுவிட்டாள். நான் பார்த்த வரையில், சொல்லாத இடைவெளிதான் சந்தேகத்தைக் கிளப்பும். ஒரு வரியில் நேராகச் சொல்லிவிட்டால் படிக்கிறவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நோயின் விவரமெல்லாம் வேண்டாம். ராமானுஜன் சொன்ன மாதிரி ஒரு வாக்கியம் போதும்.

இரண்டு பேரும் உட்கார்ந்து திருத்தினோம். அவள் அனுப்பியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'தங்கள் நிறுவனத்தில் தர ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு லேத் பட்டறையில் பதினான்கு மாதம் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தேன். அங்கே பிற்பகலில் வரும் ஷாஃப்ட்டுகளில் விட்டம் கூடி வருவதை அளவு நோட்டிலிருந்து கவனித்து, இன்சர்ட் தேய்மானமே காரணம் என்று சூப்பர்வைசரிடம் தெரிவித்தேன். இன்சர்ட் மாற்றும் நேரத்தை முன்னுக்குக் கொண்டு வந்த பிறகு ரிஜெக்ட் ஆகும் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. என் தாயாரின் சிகிச்சைக்காக இரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பை என் அண்ணன் ஏற்றுக்கொண்டிருப்பதால் உடனே சேர முடியும். ஷிஃப்ட் வேலைக்கும் சம்மதம். நேரில் வந்து பேச வாய்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

முக்கால் பக்கம் கால் பக்கமாகிவிட்டது. 'ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள் ஐயா' என்ற கெஞ்சல் போய்விட்டது. ராமானுஜன் காலத்து ஆங்கிலக் கடிதங்களில் 'இறைஞ்சுகிறேன்', 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்றெல்லாம் எழுதுவது மரபு. எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். இன்று அது தேவையே இல்லை. வேலை கேட்பது பிச்சை கேட்பது அல்ல. மரியாதை வேண்டும், தலை குனிய வேண்டாம்.

இந்த இடத்தில் ராமானுஜனின் இன்னொரு கடிதத்தையும் சொல்ல வேண்டும். போர்ட் டிரஸ்டில் சேர்ந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை. 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். முதல் வரியிலேயே தான் யார் என்று சொல்லிவிடுகிறார்: சென்னைத் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் சொல்கிறார். பிறகு வருகிறது முக்கியமான இடம். நீங்கள் எழுதிய ஒரு சிறு நூலைச் சமீபத்தில் பார்த்தேன், அதன் 36ஆம் பக்கத்தில் ஏதேனும் ஓர் எண்ணுக்குக் கீழே உள்ள பகா எண்களின் எண்ணிக்கைக்குத் திட்டமான சூத்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், அதற்கு மிக நெருங்கிய ஒரு சூத்திரத்தை நான் கண்டிருக்கிறேன் என்கிறார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்களையும் இணைத்து அனுப்பினார்.

போன வருஷம் அச்சான கட்டுரையைக்கூடச் சொல்லாமல் விட்ட அதே மனிதர்! இப்போது அவரிடம் பக்க எண் இருக்கிறது. உங்களிடம் இது இல்லை, என்னிடம் இது இருக்கிறது என்ற தெளிவு இருக்கிறது. பகா எண்களுக்கு அவர் கொடுத்த சூத்திரத்தில் பிழை இருந்தது பின்னால் தெரிந்தது. ஆனாலும் இணைத்திருந்த மற்றத் தேற்றங்கள் ஹார்டியை அசர வைத்தன. இதற்கு முன்பு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் இருவருக்கு எழுதி ஒரு பயனும் இல்லாமல் போயிருந்தது என்பதையும், பத்து இடத்துக்கு எழுதிப் பதில் வராமல் சோர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் எழுதப் போகும் நிறுவனத்துக்கும் ஒரு 36ஆம் பக்கம் உண்டு. பெரும்பாலும் அது விளம்பரத்திலேயே இருக்கும். 'ஏற்றுமதி ஆவணங்களில் அனுபவம் விரும்பத்தக்கது' என்று போட்டிருந்தால் அவர்களுக்கு அங்கேதான் ஆள் பற்றாக்குறை. அதை நீங்கள் தொட்டிருக்கிறீர்களா, படிக்கும்போதாவது பழகியிருக்கிறீர்களா என்பதுதான் உங்கள் கடிதத்தின் நடுப்பகுதி. அப்படிப் பார்த்தால் ஒரே கடிதத்தை இருபது நிறுவனத்துக்கு அனுப்ப முடியாது. முதல் வரியில் எங்கள் நிறுவனத்தின் பெயரும் கடைசி வரியில் வேறொரு நிறுவனத்தின் பெயருமாக எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. நல்ல பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். எடுத்து ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று.

மின்னஞ்சலில் அனுப்புகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. பொருள் வரியைக் காலியாக விடாதீர்கள். பணியின் பெயரும் உங்கள் பெயரும் அங்கே இருக்கட்டும். கடிதத்தை மின்னஞ்சலுக்குள்ளேயே எழுதுங்கள், ரெஸ்யூமை மட்டும் இணையுங்கள். இணைக்கும் கோப்புக்கு உங்கள் பெயரையே வையுங்கள். 'ஃபைனல் டூ' என்று வந்தால் யாருடையது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. விளம்பரம் தமிழில் வந்திருந்தால் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதினால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த எளிய சொற்களில் எழுதுங்கள், ஏனென்றால் நேர்முகத்தில் அந்தச் சொற்களை வைத்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அனுப்புவதற்கு முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஃபோன் நம்பரை இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். ஓர் இலக்கம் மாறிப்போனதால் கூப்பிட முடியாமல் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

அந்தப் பொள்ளாச்சிப் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. முடித்து வந்ததும் பஸ் ஸ்டாண்டிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். தொழிற்சாலை மேலாளர் அவளுடைய சான்றிதழ்களைத் திறக்கவே இல்லையாம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை பீஸுக்கு ஒரு தடவை இன்சர்ட் மாத்துனீங்க?" என்றுதான் ஆரம்பித்தாராம். "அரை மணி நேரம் அதையேதான் பேசிட்டு இருந்தோமுங்க சார்," என்றாள்.

வணக்கம்.