கேமராவுக்குப் பொட்டு வைத்தாயிற்று, மைக்குக்கு?

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனைக் கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சரி, கம்ப்யூட்டருக்குள் புகுந்து நம்மைப் பார்க்கிற, ஒட்டுக்கேட்கிற மென்பொருளைப் பற்றிப் பேசுவோம்.

போன மாதம் கடைக்கு ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் வந்தார். லேப்டாப்பைத் திறந்தால் கேமரா இருக்கிற இடத்தில் மெரூன் கலரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. "பேத்தி ஒட்டிவிட்டுப் போனாள் தம்பி, யாராவது எட்டிப் பார்ப்பார்களாம்" என்றார். விவரமான பேத்தி. ஆனால் டீச்சர் கொண்டுவந்த புகார் வேறு: மவுஸ் அம்பு தானாக நகர்கிறதாம்.

திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், மேலே பார்த்தபடி ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும், அதை அழுத்தினால்தான் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்களின் படங்கள் தெரியும். அழுத்தினேன். எங்கோ இருந்துகொண்டு கம்ப்யூட்டரை இயக்க உதவும் மென்பொருள் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. "இதை யார் டீச்சர் போட்டது?" என்றேன். கொஞ்சம் யோசித்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் நெட் மெதுவாக இருக்கிறது என்று தேடிப் பிடித்து ஒரு கஸ்டமர் கேர் நம்பருக்குப் பேசியிருக்கிறார். அந்த நம்பரே போலி. எடுத்தவன் வாய்க்கு வாய் அம்மா என்று கூப்பிட்டு, ஒன்றை டவுன்லோடு செய்யச் சொல்லி, திரையில் வந்த எண்ணை வாசிக்கச் சொல்லி, உள்ளே வந்து நெட்டையும் சரி செய்ததுபோல் காட்டிவிட்டு, போகும்போது தனக்கென்று ஒரு பாஸ்வேர்டும் போட்டுவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்கப்புறம் டீச்சரின் அனுமதி அவனுக்குத் தேவையே இல்லை, லேப்டாப் நெட்டில் இருந்தால் போதும். பொட்டு கேமராவை மறைத்தது. மைக் திறந்தேதான் கிடந்தது. வீட்டுப் பேச்சை அவன் கேட்டானா என்பதை என்னால் சொல்ல முடியாது, ஆனால் கேட்கக்கூடிய இடத்தில் மூன்று மாதம் இருந்தான்.

இவன் புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதே வேலையைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது, எனிடெஸ்க் என்ற செயலியைப் பேர் சொல்லியே எச்சரித்தது. அந்தச் செயலி திருட்டுச் செயலி கிடையாது, ஆபீஸ்களில் ஊரெல்லாம் பயன்படுகிறது. ஆனால் சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று இருக்கிறதே.

உளவு மென்பொருள் என்றதும் நடுராத்திரியில் எவனோ சுவரைக் குடைந்து வருகிறான் என்று நினைத்துக்கொள்கிறோம். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை பெரும்பாலும் கதவைத் திறந்து காபி கொடுத்து உட்காரவைத்தது வீட்டுக்காரர்தான். பிளாக்‌ஷேட்ஸ் என்று ஒன்று இருந்தது. விலை 40 டாலர், அன்றைய கணக்குக்குச் சுமார் 2,400 ரூபாய். அதை வாங்கினவன் அடுத்தவர் கம்ப்யூட்டரின் கேமராவைத் திறக்கலாம், விசைப்பலகையில் அடிப்பதையெல்லாம் படிக்கலாம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணமும் கேட்கலாம். நூறு நாடுகளுக்கு மேல், ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் நுழைந்திருந்தது. 2014 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐயும் பல நாட்டுப் போலீசும் சேர்ந்து ஆட்களைப் பிடித்தார்கள். வாங்கினவர்கள் பெரிய மேதைகள் என்றெல்லாம் நினைக்காதீர்கள், ஒரு இணைப்பைத் தட்டவைக்கிற சாமர்த்தியம் போதும்.

கேமரா ஓடினால் பக்கத்தில் விளக்கு எரியுமே, தெரிந்துவிடுமே என்பார்கள். நம்பலாம், முழுசாக நம்ப வேண்டாம். 2008க்கு முந்தைய சில ஆப்பிள் லேப்டாப்களில் விளக்கு எரியாமலே கேமராவை ஓடவிட முடியும் என்று அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் செய்தே காட்டினார்கள். அதனால் பொட்டு நல்லதுதான், ஒட்டுங்கள்.

மைக் சங்கதி இன்னும் வேடிக்கை. என் டெஸ்க்டாப்பில் மைக்கே இல்லை, ஹெட்போன் மட்டும்தான் என்று ஒருவர் என்னிடம் ரொம்ப நிம்மதியாகச் சொன்னார். இப்போது நான் பேசுவதைக் கேட்கிறீர்களே, அந்த ஸ்பீக்கருக்குள்ளே ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய தாள். மின்சாரம் போனால் தாள் அதிரும், சத்தம் வரும். திருப்பிப் போட்டால், சத்தம் தாளை அதிரவைக்கும், சுருளில் துளி மின்சாரம் வரும். அதுதான் மைக். 2016ல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தார், ஹெட்போன் செருகுகிற துளையை மென்பொருளாலேயே மைக் துளையாக மாற்றி, அறையில் பேசுவதைப் பதிவு செய்து காட்டினார்கள். இதற்காக நாளைக்கே யாரும் ஹெட்போனைப் பிடுங்கிப் போட வேண்டாம், அதற்கு முதலில் கெட்ட மென்பொருள் கம்ப்யூட்டருக்குள் வந்தாக வேண்டும். மறுபடி வாசற்படிக்கே வந்துவிட்டோம் பாருங்கள்.

வாசற்படி என்றால் நம் ஊரில் முதல் இடம் கிராக், அதாவது காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காகப் பூட்டை உடைத்த திருட்டு நகல். விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், தமிழ் டைப்பிங், கல்யாண ஆல்பம் டிசைன், எல்லாமே கிராக்தான், ஒரே பென் டிரைவில் தெருவே பிழைக்கும். அந்தப் பூட்டை உடைக்கிற ஆக்டிவேட்டர் புரோகிராமைத் திறந்தால் பெரும்பாலும் முதல் வரியே 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்றுதான் இருக்கும். நாயைக் கட்டிப்போடு, அப்புறம் நான் வருகிறேன் என்று ஒரு விருந்தாளி சொன்னால் நாம் உள்ளே விடுவோமா? இங்கே விடுகிறோம், ஆமாம் என்று அழுத்தி, எதையும் மாற்றக்கூடிய அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரமும் கொடுத்து விடுகிறோம். காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் இருக்கிறது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே பாஸ் லினக்ஸ் வந்ததே, எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தோம்?

சொல்லச் சங்கடமான இன்னொன்று. மனைவிக்குத் தெரியாமல் அவர் லேப்டாப்பில் ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் எல்லாக் கடைக்காரரும் அனுப்புவார்களா தெரியாது. வீட்டுக்குள்ளேயே சந்தேகம் இருக்கிறவர்கள் அந்தக் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், மாற்றுவதையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். நம்பகமான வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

டீச்சர் லேப்டாப்புக்கு என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் வைஃபையை அணைத்தேன், அது இல்லாமல் அவன் உள்ளே வர முடியாது. அப்புறம் பாங்க் பணம் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். நல்லவேளை, போகவில்லை. போயிருந்தால் அதில் கையே வைத்திருக்க மாட்டேன், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் செய்யச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் ஃபார்மட் அடித்தால் தடயமும் சேர்ந்து போய்விடும். அப்புறம் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் தானாக எழுகிறவர்கள் அங்கே வரிசையாக நிற்பார்கள். அந்த மென்பொருளோடு அறிமுகமில்லாத பேர் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்றை நீக்கினால் போதும் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. போட்டோக்களை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே புது விண்டோஸ் இறக்கி, முழுதாகத் துடைத்துவிட்டுப் போட்டேன். பழையதில் இருந்தது விண்டோஸ் 10, அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டார்கள். தினசரி வேலைக்கு அதிகாரமில்லாத சாதாரண கணக்கு ஒன்று, ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் மட்டும் இன்னொரு பாஸ்வேர்டு. அதை டீச்சர் டைரியில் எழுதிவைத்துக்கொண்டார், மானிட்டரில் ஒட்டாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டு ரவுட்டரின் பாஸ்வேர்டு வாங்கினபடியே 'அட்மின்' என்று இருந்தது, அதையும் மாற்றச் சொன்னேன்.

ஊருக்குச் சொல்கிற நானும் ஆரம்பத்தில் அதே பென் டிரைவை வைத்துத்தான் கடை நடத்தினேன். எத்தனை வீட்டு வாசலை நானே திறந்துவைத்தேனோ. இப்போது கிராக் போடுவதில்லை என்று பலகையே மாட்டியிருக்கிறேன். படித்துவிட்டுப் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே இருநூறு ரூபாய்தானாம்.