மகன் கேட்ட கேள்வியும் மகன் சொன்ன பதிலும்

அன்பு நண்பர்களே,

ஒரு தகப்பனும் மகனும் மலையேறுகிறார்கள். தகப்பன் ஆபிரகாம்; மகனைப் பலியிடு என்பது அவருக்குக் கடவுள் இட்ட கட்டளை. தகப்பன் கையில் நெருப்பும் கத்தியும். விறகைச் சுமப்பவன் மகன். வழியில் அவன் கேட்கிறான்: "நெருப்பும் இருக்கிறது, விறகும் இருக்கிறது, தகனபலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?" பைபிளின் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் வரும் இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் அந்தக் கேள்வி இல்லை. மகனை அறுப்பதாகக் கனவில் கண்டதைத் தந்தை இப்ராஹீம் (ஆபிரகாம்) மகனிடம் சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். உங்களுக்கு இட்ட கட்டளைப்படி செய்யுங்கள் தந்தையே, அல்லாஹ் நாடினால் நான் பொறுமையோடு இருப்பேன் என்கிறார் மகன். அங்கே மகனின் பெயர் இல்லை. இஸ்மாயீல் என்றே பெரும்பாலான முஸ்லிம்கள் கொள்கிறார்கள். பைபிளில் ஈசாக்கு. இரு மதங்களையும் பற்றிய பேச்சு பல நேரம் இந்தப் பெயர் வழக்கிலேயே நின்றுபோகிறது. நான் வேறொன்றைச் சொல்ல வந்தேன். கிறித்தவம் பலியைப் புரிந்துகொள்வது மகன் கேட்ட கேள்வியிலிருந்து. இஸ்லாம் புரிந்துகொள்வது மகன் சொன்ன பதிலிலிருந்து.

ஆட்டுக்குட்டி எங்கே? எருசலேம் ஆலயத்தில் நூற்றாண்டுக் கணக்கில் பலிகள் நடந்தன. உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அது பாவநிவர்த்திக்காகத் தரப்பட்டது என்கிறது பைபிளின் பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமம் 17. அப்புறம் யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகன் இயேசுவைக் காட்டி, "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்கிறார். அந்தப் பழைய கேள்விக்குக் கிறித்தவர்கள் கேட்கும் விடை அதுதான். காளை, வெள்ளாட்டுக்கடா இரத்தம் பாவத்தைப் போக்காது, கிறிஸ்து ஒரே தரம் பலியானார் என்று புதிய ஏற்பாட்டின் எபிரெயர் 10 முடித்துவிடுகிறது. கி.பி. 70இல் ஆலயம் இடிக்கப்பட்டது. ஆனால் கிறித்தவரிடம் மிருகபலி இல்லாததற்குக் காரணம் அந்த இடிபாடு அல்ல, இந்த 'ஒரே தரம்'தான்.

சரி, பக்ரீத்தில் முஸ்லிம்கள் ஆடு, மாடு அறுத்துக் கொடுக்கும் பலிதான் குர்பானி. அதைக் கொடுப்பவர் தன் பாவத்தை ஆட்டின் தலையில் ஏற்றுகிறாரா? என்னிடம் பலரும் கேட்பது இதை. இது லேவியராகமத்தின் கேள்வி. அதைக் குர்பானியிடம் கேட்பது பொருந்தாது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் 6:164. இறைச்சியும் இரத்தமும் அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அடைகிறது என்பது 22:37. மகன் சொன்ன அந்தச் சம்மதத்தைத்தான் பக்ரீத் நாளான துல்ஹஜ் மாதம் 10ஆம் நாளில் ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லிப் பார்க்கிறார்.

குர்பானியின் சட்டங்களைக் கவனியுங்கள். நொண்டி, ஒற்றைக்கண், நோய்ப்பட்டது, எலும்பும் தோலுமானது ஆகாது. வேண்டாததைத் தள்ளிவிட்டு அதைக் காணிக்கை என்று சொல்ல முடியாது. வெள்ளாடு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். மாட்டிலும் ஒட்டகத்திலும் ஏழு பேர் பங்கு சேரலாம். கத்தியை நன்றாகத் தீட்டி, அறுக்கும் பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்பது நபிமொழி. எனக்கு மிகப் பிடித்தது ஒன்று: அறுத்துக் கொடுப்பவருக்குக் கூலியைக் கைக்காசிலிருந்து தர வேண்டும், தோலையோ இறைச்சியையோ கூலிக் கணக்கில் கழிக்கக் கூடாது. உழைப்பவரின் கூலி வேறு, இறைவனுக்குக் கொடுத்தது வேறு. இறைச்சியை நீங்களும் உண்ணுங்கள், கேட்பவருக்கும் கேட்காமல் இருப்பவருக்கும் கொடுங்கள் என்கிறது 22:36. கை நீட்டக் கூச்சப்படுபவரையும் நினைத்துச் சொன்ன சொல் அது.

கிறித்தவத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆர்மீனியத் திருச்சபையில் 'மதாக்' என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆடோ கோழியோ அறுத்து, குருவானவர் ஆசீர்வதித்த உப்பிட்டு வேகவைத்து, ஏழைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கிடுகிறார்கள். இது பாவநிவர்த்தி அல்ல என்று அந்தச் சபையே தெளிவாகச் சொல்கிறது. நன்றிக்காகவும் இரக்கத்துக்காகவும் கொடுப்பது. பாவத்துக்கான பலி முடிந்துவிட்டது என்று உறுதியாக நம்புகிறவர்களும் பானையை அடுப்பில் ஏற்றுகிறார்கள், பசித்தவர் வருவார் என்று.